மலைநாட்டு வீட்டில் என்ன கோளாறு? புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அறிகுறி வாரியாக

வெளிநாட்டிலிருந்து வந்து இலங்கை மலையகத்தில் வீடு எடுப்பவர்கள் பலர், வெப்ப நாட்டுக்குத்தானே போகிறோம் என்று மின்விசிறியும் மெல்லிய பருத்தி உடுப்பும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். ஹப்புத்தளை 1,430, ஹட்டன் 1,270. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரை பாகை குறையும். அதனால் இங்கே வீட்டில் வருகிற தொல்லைகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஈரத்தில் போய் முடியும், இல்லையென்றால் குளிரில்.

முதலில் உங்கள் வீடு மலையின் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே விடாமல் கொட்டும். அதே ஜூலையில் கிழக்குப் பக்கத்துப் பண்டாரவளையிலும் பசறையிலும் காய்ந்த காற்று வீசும். அவர்களுக்கு மழை ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, கூரை மாற்றுவது, விறகு வாங்கி அடுக்குவது எல்லாம் இந்தக் கணக்கில்தான். ஹட்டன்காரர் சொன்ன மாதத்தைக் கேட்டுப் பண்டாரவளையில் வேலை தொடங்கினால் பணம் வீண்.

உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் எழுதுகிறேன். இதை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

கதவு இறுகுகிறது, சுவரில் வெடிப்பு தெரிகிறது

மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி இறுகுவது சாதாரணம். அப்படி ஊதும்போது வீட்டிலுள்ள மரக்கதவுகள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், நாலு நாள் வெயில் அடித்தால் தளரும். அதற்கு ஆசாரியைக் கூப்பிட்டு உடனே சீவ வேண்டாம். வெயில் காலத்தில் இடைவெளி விழுந்துவிடும்.

ஆபத்தான இறுக்கம் வேறு மாதிரி. கதவைச் சாத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று நிலையோடு சேர்த்துப் பாருங்கள். மேலே ஒரு மூலையில் விரல் நுழையும் அளவு இடைவெளி திறந்து, பக்கத்து மூலை இறுகி உரசினால், நிலையின் சதுரம் கோணிவிட்டது. மரம் ஊதியதால் வருவதல்ல அது, வீட்டுக்குக் கீழே மண் நகர்ந்திருக்கலாம். உடனே வெளியே போய் மற்ற அடையாளங்களைத் தேடுங்கள். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, முற்றத்தில் பிறை வடிவில் பிளவு, பின்பக்க மண் தாங்கும் மதில் வயிறு தள்ளி நிற்பது, லைட் கம்பமோ மரமோ புதிதாகச் சாய்ந்திருப்பது, சரிவின் அடியில் நேற்று வரை இல்லாத ஊற்று, எப்போதும் ஓடும் ஊற்று திடீரென்று நின்று போவது, தெளிந்த ஓடை மழை இல்லாதபோதும் கலங்கி வருவது. இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் சாமானைப் பார்க்காமல் ஆட்களோடு வெளியேறுங்கள். ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வெடிப்பு மட்டும் தெரிகிறது, வேறு அடையாளம் ஒன்றும் இல்லை என்றால், அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு காகிதத் துண்டைக் குறுக்கே இறுக்கமாக ஒட்டுங்கள். காகிதம் கிழிந்தாலோ வெடிப்பு கோட்டைத் தாண்டினாலோ அது வளர்கிற வெடிப்பு. கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். அவர் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தை வரவழைத்து இடத்தைப் பார்க்கச் சொல்லலாம். வாடகை வீடு, வெளிநாட்டுக்காரர், நமக்கேன் வம்பு என்று இருக்காதீர்கள். கீழே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் சொல்கிறீர்கள்.

மழையை அளப்பதும் எளிது. நேரான பக்கங்கள் உள்ள ஒரு கண்ணாடிப் போத்தலை மரமும் கூரையும் இல்லாத இடத்தில் வையுங்கள், அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் கிளம்பத் தயார், 150 தாண்டினால் வெளியேற்றம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுவது இந்த அளவுகளை வைத்துத்தான். ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் சிவப்புத்தான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இதைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டி வையுங்கள்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், இந்த நிலத்துக்கு மண்சரிவு அபாய மதிப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். காட்சி நன்றாக இருக்கிறது என்று விளிம்பில் கட்டிய வீட்டை எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டுக்குப் பின்னால் ஓடும் கானையும் (வடிகாலையும்) பாருங்கள். இலையும் மண்ணும் அடைத்தால் மழைத்தண்ணீர் அத்திவாரத்துக்குள் இறங்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மண்வெட்டி போட்டு அள்ளிவிட வேண்டும். கூரைத் தண்ணீரைச் சரிவில் நேராகக் கொட்ட விடாமல் பைப் போட்டுக் கானில் சேருங்கள்.

காலையில் எழுந்தால் வீட்டில் எல்லோருக்கும் தலையிடி

குளிருக்குச் சட்டியில் கரி நெருப்புப் போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கும் பழக்கம் இங்கே உண்டு. இது ஆளைக் கொல்லும். கரி எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, வாந்தி வருகிற மாதிரி, கால் தள்ளாட்டம், வெளியே போனால் கொஞ்சம் தெளிவு, அதுவும் ஒரே நேரத்தில் பல பேருக்கு என்றால் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 1990 அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பழைய பங்களாவில் கணப்பு அடுப்பு இருந்தால், பற்றவைக்கும் முன் ஒரு பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் கொளுத்திப் புகைபோக்கியின் வாயில் பிடியுங்கள். புகை மேலே போனால் சரி. திரும்பி முகத்தில் அடித்தால் உள்ளே குருவிக்கூடோ கரிப்பிடிப்போ அடைத்திருக்கிறது. ஆள் வைத்துச் சுத்தம் செய்யும் வரை மூட்டாதீர்கள். பச்சை விறகும் புகையும். கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி, காய்ந்திருந்தால் பற்றவைக்க அதைவிட நல்லது இல்லை, பிறகு காய்ந்த சவுக்கு விறகைப் போடலாம்.

ப்ளக் சூடாகிறது, ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் இருந்து கொண்டுவந்த மிக்ஸியில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் சொருகிய உடனே புகை வரும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை. போன், லப்டொப் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். சூடாக்கும் சாமானை, அதாவது கெட்டில், இஸ்திரிப்பெட்டி, முடி உலர்த்தி போன்றவற்றை, ட்ரான்ஸ்போமர் வாங்கி ஓட்டுவதைவிட அங்கேயே கொடுத்துவிட்டு இங்கே வாங்குவது லாபம்.

பழைய வீடுகளில் உருண்டை முள் ப்ளக், புதியவற்றில் சதுர முள் 13 அம்பியர். இரண்டு முள் ப்ளக்கைச் சதுரத் துளைக்குள் ஏற்ற, மேல் துளையில் பேனா மூடியைக் குத்தித் திறக்கிறார்கள். செய்யாதீர்கள். முள் அரைகுறையாகப் பிடிக்கும், தீப்பொறி வரும். டவுனில் எந்த ஹாட்வெயார் கடையிலும் அடெப்டர் கிடைக்கும்.

குளியலறையில் உடனடிச் சுடுதண்ணீர் ஹீட்டர் போட்டதும் லைட் மங்குகிறதா? 3,500 வொட் ஹீட்டர் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதை 13 அம்பியர் ப்ளக்கில் போட்டால் ப்ளக் உருகும். போர்ட்டில் இருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் வேண்டும். எர்த் வேலை செய்கிறதா என்றும் எலக்ட்ரீஷனை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், எல்லாச் சாமானையும் கழற்றிவிட்டுச் சுவிட்சை மேலே தூக்குங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ஒன்றுமே சொருகாமலும் நிற்கவில்லை என்றால் வயரிங்கில் ஈரம் இறங்கியிருக்கும். சீலிங்கில் லைட் தொங்கும் இடத்தைச் சுற்றி ஈரக் கறை இருக்கிறதா பாருங்கள். கையை வைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். எந்த நிலையிலும் ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேராக இணைத்துத் தருகிறேன் என்பவரின் வேலையை ஏற்காதீர்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் கடுமை. முதல் இடி கேட்டதும் டிவி, ரவுட்டர் ப்ளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

கரண்ட் பில் எகிறியதா? 2,000 வொட் அறை ஹீட்டர் ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யுனிட், மாதத்துக்கு 300. யுனிட் கூடக் கூட ஒரு யுனிட்டின் விலையும் கூடும் என்பதால் பில் அதைவிட வேகமாக ஏறும். சுடுதண்ணீர்ப் பையும் நல்ல கம்பளியும் இதற்குச் செலவில்லாத வைத்தியம்.

அலுமாரி நாறுகிறது, சுவரில் கறுப்புப் புள்ளி

எல்லா ஈரமும் ஒன்றல்ல. சீலிங்கில் மண்ணிற வளையம் என்றால் மேலே ஓடு அல்லது தகரத்தில் ஒழுக்கு. தரையில் இருந்து முழங்கால் உயரம் வரை கறை ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்தால் மண்ணின் ஈரம் சுவர் வழியாக ஏறுகிறது. மூலையிலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளி என்றால் அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கிறது.

சந்தேகமாக இருந்தால், சமையலுக்கு வைத்திருக்கும் அலுமினியத் தாளில் ஒரு சதுரம் வெட்டி, நாலு ஓரத்தையும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம். உரித்துப் பார்க்கப் பின்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் இருந்து வருகிறது. முன்பக்கம் என்றால் நீங்களே சரி செய்யலாம். பின்பக்கம் என்றால் வீட்டுக்காரரும் மேசன் பாஸும் வர வேண்டும், அதற்கு முன் பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

அறை ஈரத்துக்கு மூன்று காரியம். ஒன்று, அலுமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். அடுத்தது, படுக்கையறையில் துணி காயப்போடாதீர்கள். மழைக்காலத்தில் துணி காயாது, அதில் இருக்கும் தண்ணீர் முழுவதும் சுவருக்குத்தான் போகும். அடுப்படியில், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, கொடி கட்டுங்கள். அப்புறம் ஜன்னல். வெயில் வந்த பிறகு பத்து மணிக்குத் திறந்து, பிற்பகல் மூடுபனி இறங்கும் முன் சாத்துங்கள். நல்ல காற்று என்று நாள் முழுக்கத் திறந்து வைத்தால் மூடுபனியை நாமே உள்ளே கூப்பிடுவதாகிவிடும்.

பூஞ்சணத்தைக் காய்ந்தபடி தட்டிவிடாதீர்கள், பறந்து எங்கும் பரவும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்த இடத்தை நன்றாகக் காயவிடுங்கள். ப்ளீச் பாவித்தால் அதோடு வினாகிரியையோ வேறு கழுவு திரவத்தையோ கலக்க வேண்டாம்; நச்சுப் புகை வரும்.

பாஸ்போர்ட், வீசாக் கடிதம், படிப்புச் சான்றிதழ், கமராக் கண்ணாடி, தோல் செருப்பு ஆகிய ஐந்தும்தான் முதலில் பழுதாகும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். நப்தலின் உருண்டை பூச்சிக்கு மட்டும், ஈரத்தை அது எடுக்காது.

காஸ் இருக்கிறது, ஆனால் நெருப்பு எழும்பவில்லை

சிலிண்டரைத் தூக்கினால் கனக்கிறது, காலையில் அடுப்பு மட்டும் முணுமுணுக்கிறது. ஹோஸ் மடிந்திருக்கிறதா, ரெகுலேட்டர் சரியாகப் பூட்டியிருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரி என்றால் குளிர்தான். வீட்டுக் காஸில் பெரும்பகுதி பியூட்டேன். பூச்சியம் பாகைக்குக் கிட்டப் போனால் அது ஆவியாவதே நின்றுவிடும். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியா, அம்பேவளைப் பக்கம் புல்லில் உறைபனி பிடிக்கும் நாட்களில், வெளியே கூண்டில் வைத்த சிலிண்டரில் அமுக்கம் படுத்துவிடும். எரிய எரிய சிலிண்டர் தானாகவும் குளிரும். சின்னச் சிலிண்டரில் இது அதிகம், ஆகவே உயரமான இடத்தில் குடியிருப்பவர்கள் 12.5 கிலோ சிலிண்டரே எடுங்கள். வெயில் படும், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தால் போதும். கொதிதண்ணீர் ஊற்றுவதோ பக்கத்தில் நெருப்பு வைப்பதோ கூடவே கூடாது.

காஸ் மணம் வந்தால்: அது காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை வெளியே எடுங்கள். கசிவு எங்கே என்று சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள்.

பருப்பு வேகவில்லை, மாவு பொங்கவில்லை, எண்ணெய் உறைந்துவிட்டது

நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கடலையும் சோறும் திறந்த பாத்திரத்தில் நேரம் எடுக்கும். கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, பிரஷர் குக்கரில் வையுங்கள்.

தோசை மாவு கீழ்நாட்டில் ஓர் இரவில் பொங்கும். இங்கே மறுநாள் மாலை வரைக்கும் அப்படியே கிடக்கும். மீன் கடையில் கிடைக்கும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டியைக் கழுவி, மாவுப் பாத்திரத்தோடு ஒரு போத்தல் சுடுதண்ணீரும் வைத்து மூடுங்கள். படுக்கும் முன் தண்ணீரை மாற்றினால் காலையில் தயார். தயிருக்கும் இதுவே வழி. மலையகத்து வீடுகளில் காலைச் சாப்பாடாக ரொட்டியும் சம்பலும் நிலைத்ததற்கு இந்தக் குளிரும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும், பொங்கவே தேவையில்லை.

தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே வெள்ளையாக உறையும். பழுதாகவில்லை. சுடுதண்ணீரில் போத்தலை வைத்தால் இளகும்.

குழாயில் கலங்கல் தண்ணீர்

பல வீடுகளுக்கு மேலே ஊற்றில் இருந்து பைப் போட்டுத்தான் தண்ணீர் வருகிறது. மழை பெய்த அடுத்த நாள் செம்மண் கலங்கல் வந்தால் டேங்க் வால்வை மூடிவிட்டு, இருக்கும் தண்ணீரைப் பாவியுங்கள். குடிக்க எடுப்பதைத் தெளியவிட்டு, துணியில் வடித்து, கொதித்த பிறகு மூன்று நிமிஷம் விடுங்கள். 94 பாகை என்றாலும் கிருமி சாகப் போதும். அடியோடு வரவில்லை என்றால் ஊற்று வாயில் இலை அடைத்திருக்கும் அல்லது பைப்பில் காற்று நிற்கும். மேலே ஏறிப் பைப்பை நீங்களாகக் கழற்றாதீர்கள். அதே ஊற்றில்தான் லயத்துப் பீலிக்கும் (எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் இடம்) தண்ணீர் போகும். அங்கே ஒரு அண்ணனிடம் கேட்டால் எந்த இடத்தில் அடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

காலில் இரத்தம், வலியில்லை

அட்டை. பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, கொஞ்ச நேரம் ஒழுகும், பயப்பட வேண்டாம். கழுவி, அழுத்திப் பிடித்துக் கட்டுங்கள். மழையில் நடக்கும் முன் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்வார்கள் இங்கே.

நாய் இரவில் கட்டிலுக்கடியில் ஒளிகிறது

தேயிலை மலைகளில் சிறுத்தை உண்டு, நாயைப் பிடிக்கும். மாலையானதும் நாயை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். கூரையடியில் குளவிக்கூடு கண்டால் கல்லெறியவோ புகை போடவோ வேண்டாம், தெரிந்த ஆள் வரட்டும். பல குளவி கொட்டினால் நேரே ஆஸ்பத்திரி.

வேலைக்கு வந்த அக்கா சொல்லாமல் நின்றுவிட்டார்

இதையும் கோளாறு என்று எழுத எனக்கு மனமில்லை, ஆனால் புதிதாக வந்தவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். சம்பளம் குறைவா, பஸ் நேரம் மாறிவிட்டதா, பிள்ளைக்குப் பரீட்சையா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் உங்கள் அடுப்படியைப் பாருங்கள். அவருக்கென்று தனிக் கோப்பை, தனித் தட்டு மூலையில் கவிழ்ந்திருக்கிறதா? அதை எடுத்துவிடுங்கள். எல்லோரும் குடிக்கும் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள், கதிரையில் உட்கார்ந்து குடிக்கச் சொல்லுங்கள். "ஏய்", "இந்தாம்மா" என்று கூப்பிடாமல் அக்கா, தங்கச்சி என்று வயதுக்கேற்றபடி கூப்பிடுங்கள். வாய் திறந்து சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள் பலருக்கு இதில்தான் மனம் நொந்திருக்கும்.

சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுங்கள். தீபாவளிக்கு முற்பணம் கேட்டால் கொடுத்து, எப்படிக் கழிப்பது என்று அவரோடு பேசி எழுதி வையுங்கள். தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு நாள் வைத்ததும் கேட்டுக் கலண்டரில் குறியுங்கள். அந்த நாட்களில் அவர் வரமாட்டார், வரச் சொல்லவும் வேண்டாம். உங்களையும் தேர் பார்க்கக் கூப்பிடுவார், போய் வாருங்கள்.